ஓர் அங்குலம் குறைத்தேன், டிரைவர் வழிக்கு வந்தது

நேற்று சாயங்காலம் கோல்ஃப் பயிற்சி ரேஞ்சில் அடித்த 20 பந்துகளில் 13, டிரைவர் முகப்பின் நடுவில் ஒரு நாணயத்தை வைத்தால் மறைந்துவிடுகிற அளவு இடத்துக்குள் பட்டிருந்தன. எட்டு மாதமாக இந்த டைட்டானியம் டிரைவரோடு, அதாவது தூரம் போக அடிக்கிற மட்டையோடு, மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிற எனக்கு இது பெரிய விஷயம். சூடு ஆறுவதற்குள் எழுதிவைக்கிறேன்.

முதலில் ஆயுதத்தைப் பற்றி. தலையின் கொள்ளளவு 460 சிசி, மேல்மூடி உட்பட முழுக்க டைட்டானியம், 10.5 டிகிரி லாஃப்ட் (முகப்பு பின்னால் சாய்ந்திருக்கிற கோணம்), ரெகுலர் கிராஃபைட் ஷாஃப்ட் (தண்டு). பழையது, ஆனால் முகப்பில் ஒரு கீறல் கூட இல்லாமல் கிடைத்தது. கார்பன் மூடி போட்ட புது ரகங்கள் ‘தொப்’ என்று அமுங்கிச் சத்தம் போடும். இது ‘டிங்’ என்று கணீரென ஒலிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினேன், இன்றுவரை அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஷாஃப்ட் நீளம் மட்டும் 45.75 அங்குலம். வாங்கும்போது அதை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

நான் வலக்கை ஆட்டக்காரன். என் நோய் ஸ்லைஸ். பந்து நேராகக் கிளம்பும், பாதி தூரத்தில் வலது பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடும். இதற்கு முதல் மருந்தாக எல்லோரும் சொன்னது ஸ்லீவைத் திருகு என்பதுதான். ஸ்லீவ் என்பது தலையும் ஷாஃப்டும் சேருகிற இடத்தில் லாஃப்டை மாற்ற வைத்திருக்கிற வளையம். திருகினேன். 10.5-இலிருந்து 11.5, அப்புறம் 12. லாஃப்டைக் கூட்டினால் முகப்பு கொஞ்சம் மூடிக்கொள்ளும், பந்து இடப்பக்கம் போகும் என்பது கணக்கு. நடந்தது வேறு. பந்து இடப்பக்கமாகக் கிளம்பி, அதே வளைவோடு வலப்பக்கம் திரும்பி, முன்பைவிட உயரமாக எழும்பி, போன வேகத்தில் பாதியோடு வந்து விழுந்தது. மூன்று மாதம் இந்த ஸ்லீவோடேயே போயிற்று. இறுக்கம் போதும் என்று சொல்கிற டார்க் ரெஞ்சின் (திருகுச் சாவியின்) ‘கிளிக்’ சத்தம் கனவில் கூடக் கேட்டது.

திருப்பம் தந்தது பாதத்துக்கு அடிக்கிற பவுடர் ஸ்ப்ரே. முகப்பில் மெல்லிசாக அடித்தால் வெள்ளையாகப் படியும். பந்து படுகிற இடத்தில் அதன் குழிகளோடு அச்சு விழும். ஒட்டுகிற இம்பாக்ட் ஸ்டிக்கரைவிட இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஸ்டிக்கரின் தடிப்பு பந்தின் சுழற்சியை மாற்றிவிடும், சத்தத்தையும் கொன்றுவிடும். ஐந்து பந்துக்கு ஒரு முறை படம் எடுத்துவிட்டு, துடைத்து, மறுபடி அடித்தேன். 20 பந்துக்குப் பிறகு நான்கு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 13 அச்சுகள் ஹீல் பக்கம். அதாவது ஷாஃப்டை ஒட்டிய பக்கம். நடுவில் இருந்தவை வெறும் 4.

இது தெரிந்ததும் மிச்சமெல்லாம் புரிந்துவிட்டது. டிரைவர் தலையின் ஈர்ப்பு மையம் முகப்புக்கு நன்றாகப் பின்னால் இருக்கிறது. ஹீலில் பந்து பட்டால் தலை ஒரு பக்கம் திரும்பும். பல்சக்கரத்தோடு பல்சக்கரம் கோர்த்த மாதிரி, பந்து அதற்கு எதிர்ப்பக்கம் சுழலும். கியர் எஃபெக்ட் என்கிறார்களே, அதுதான். வலக்கை ஆட்டக்காரன் ஹீலில் அடித்தால் அந்தச் சுழற்சி பந்தை வலப்பக்கம்தான் இழுக்கும். நான் முகப்பின் கோணத்தைத் திருகிக்கொண்டே இருந்தேன். பந்து படுகிற இடம் மாறாதவரை அந்தத் திருகலுக்குப் பலன் இருந்திருக்காது.

ஏன் ஹீலில் படுகிறது? கூட ஆடும் நண்பர் ஒருவர் ஒரே வார்த்தையில் சொன்னார்: நீளம். அவரிடம் ஒரு பழைய பெர்சிமன் டிரைவர் இருக்கிறது. மரத்தலை, ஸ்டீல் ஷாஃப்ட், 43 அங்குலம். என்னுடையதன் பக்கத்தில் வைத்தால் தலை எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தது. அதில் பத்து பந்து அடித்தேன். தூரம் வரவில்லை, ஆனால் பத்தில் ஏழு நடுவில்.

அன்று ராத்திரி உட்கார்ந்து இந்த நீளம் எப்படி வந்தது என்று யோசித்தேன். டைட்டானியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 4.4 கிராம், ஸ்டீலுக்கு 7.8. டிரைவர் தலையின் எடை எந்தக் காலத்திலும் ஏறக்குறைய 200 கிராம்தான். அதே எடைக்குள் தலையை ஊதிப் பெரிசாக்க வேண்டுமானால் இலேசான, ஆனால் உறுதியான உலோகம் வேண்டும். 1991-இல் வந்த முதல் பிக் பெர்த்தா என்கிற டிரைவர் ஸ்டீல், அது 190 சிசி. 1995-இல் டைட்டானியத்தில் கிரேட் பிக் பெர்த்தா வந்தபோது 250 சிசியைத் தொட்டுவிட்டார்கள். பத்து வருஷம்கூட ஆகவில்லை, 460-க்கு மேல் போகக்கூடாது என்று விதி போட வேண்டிய நிலை வந்தது. தலை பெரிசானதும் தப்பாகப் பட்டாலும் மன்னிக்கிற இடம் அதிகமானது. கிராஃபைட் ஷாஃப்டால் மொத்த எடையும் குறைந்தது. அந்த இரண்டையும் நம்பி ஷாஃப்டை நீட்டிக்கொண்டே போனார்கள். நீளம் கூடினால் தலையின் வேகம் கூடும் என்பது உண்மைதான். நடுவில் பட்டால்தானே அந்த வேகம் பந்துக்குப் போய்ச் சேரும்? விதிப்படி 48 அங்குலம் வரை வைத்துக்கொள்ளலாம். தொழில்முறைப் போட்டிகளுக்கு 2022-இலிருந்து 46 அங்குலம் என்று கட்டுப்படுத்திக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு தடவை ஆடுகிற என் கையில் 45.75 இருந்ததற்கு எந்த நியாயமும் இல்லை.

சரி, வெட்டுவதற்கு முன் சோதனை. கிரிப்பில், அதாவது கைப்பிடி உறையில், ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து 20 பந்து. நடுவில் 9. இதற்கு மேல் எனக்கு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

வெட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இந்த ஒரு வேலையைப் பற்றித்தான் விரிவாக எழுத ஆசை, ஏனென்றால் வெட்டியது வெட்டியதுதான், ஒட்டவைக்க முடியாது.

முதலில் அளவு. நீளத்தை ஹோசலிலிருந்து (தலையில் ஷாஃப்ட் நுழைகிற குழலிலிருந்து) அளந்தால் தப்பாகப் போகும். விளையாடுகிற நிலையில் அடித்தட்டைத் தரையில் படுத்தி, ஹீலின் பின்பக்கம் தரையைத் தொடுகிற இடத்திலிருந்து ஷாஃப்ட் ஓரமாக கிரிப் மூடியின் நுனி வரை அளக்க வேண்டும். மூன்று முறை அளந்தேன். அடுத்தது கிரிப் மூடியின் தடிப்பு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய கிரிப்பின் மூடி 3 மில்லிமீட்டர், நான் வாங்கிவைத்திருந்த புது கிரிப்பின் மூடி 5 மில்லிமீட்டர். அப்படியானால் ஓர் அங்குலம் குறைய நான் வெட்ட வேண்டியது 25 அல்ல, 27 மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். ஒன்றும் வராது. ஆனால் 44.75 என்று முடிவு செய்தால் 44.75-ஆக இருக்க வேண்டும்.

பழைய கிரிப்பை கொக்கி பிளேடால் வெளிப்பக்கம் பார்த்து அறுத்தேன். நேர் பிளேடை ஷாஃப்ட் பக்கம் அழுத்தினால் கிராஃபைட் இழையில் கோடு விழும், பின்னால் ஒரு நாள் அந்த இடத்திலேயே முறியும். வெட்டுகிற இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப்பை மூன்று சுற்று இறுக்கிச் சுற்றி அதன் மேல் கோடு போட்டேன். ரப்பர் தாங்கியில் வைத்து வைஸில் பிடித்தேன், ரொம்ப இறுக்கவில்லை. ரம்பம் அங்குலத்துக்கு 32 பல் உள்ளது. ஒரே பக்கத்திலிருந்து நேராக அறுத்துக்கொண்டு போனால் கடைசி நூலிழைகள் பிய்ந்து ஈர்க்குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் ஷாஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி, சுற்றிலும் ஒரு பள்ளம் விழ அறுத்து, கடைசியாகத்தான் உள்ளே போனேன். முகமூடி கட்டாயம். கார்பன் தூள் கண்ணுக்கே தெரியாமல் பறக்கும், நெஞ்சுக்குள் போனால் நல்லதில்லை. ஈரத்துணியை கீழே விரித்திருந்தேன், முடிந்ததும் அது கரிக்கட்டையைத் துடைத்த மாதிரி இருந்தது. விழுந்த துண்டு மோதிரம் போல அழகாக, ஒரு இழை கூடப் பிசிறாமல் வந்தது. அதை மேசை மேல் வைத்திருக்கிறேன்.

கிரிப் விஷயத்தில் ஒரு குறிப்பு. பல ஸ்லீவ்களில் லாஃப்டை மாற்றினால் ஷாஃப்டும் சேர்ந்து திரும்பும். அடியில் மேடு வைத்த ‘ரிமைண்டர்’ கிரிப் போட்டால் ஸ்லீவைத் திருகிய அன்றே அந்த மேடு தப்பான விரலுக்கு வந்துவிடும். உருண்டை கிரிப்தான் போட வேண்டும்.

அப்புறம் எடை. ஆட்டும்போது தலை கைக்கு எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பதை ஸ்விங் வெயிட் என்பார்கள், சி9-க்கு அடுத்தது டி0 என்று ஏறும். அரை அங்குலம் குறைந்தால் அது மூன்று புள்ளி இறங்கும், ஓர் அங்குலத்துக்கு ஆறு. டி3-ஆக இருந்தது சி7-க்கு வந்துவிட்டது. கையில் எடுத்து ஆட்டினால் தலை இருக்கிற இடமே தெரியவில்லை, ஒரு குச்சியைச் சுழற்றுகிற மாதிரி இருந்தது. முதல் நாள் அடித்த அடிகள் வெட்டுவதற்கு முன்பைவிட மோசம். கையைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தலையில் இரண்டு கிராம் கூட்டினால் ஒரு புள்ளி ஏறும் என்பது கணக்கு. முழுசாக டி3-க்குப் போக 12 கிராம் வேண்டும். அவ்வளவு வேண்டாம் என்று முடிவு செய்து லெட் டேப்பை (ஈயப் பட்டையை) வெட்டி, நகை நிறுக்கிற சின்னத் தராசில் வைத்து இரண்டிரண்டு கிராமாகச் சேர்த்தேன். நான்கில் பரவாயில்லை. ஆறு கிராமில், டி0-இல், தலை கைக்குத் தெரிந்தது. எட்டில் திரும்பவும் ஹீலுக்குப் போக ஆரம்பித்தது, ஆகவே ஆறோடு நிறுத்தினேன். டேப் ஈயம், ஒட்டியதும் கையைக் கழுவிவிடுங்கள். ஆட்டம் ஆரம்பித்த பிறகு இதில் கை வைக்கக்கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

டேப்புக்குப் பதிலாக அடித்தட்டில் இருக்கிற எடைத் திருகையே கனமானதாக மாற்றலாம் என்று ஒரு விற்பனையாளரிடம் 6 கிராம் கூடுதலான திருகு கேட்டிருந்தேன். மூன்று வாரம் காத்திருந்து வந்தது வேறு ஒரு தலைக்கான மரை. படம், மாடல் பெயர், திருகின் விட்டம் எல்லாம் அனுப்பியிருந்தும் இப்படி. எனக்கு உண்மையிலேயே கோபம்தான். திருப்பி அனுப்பியிருக்கிறேன். டைட்டானியம் தலையில் தப்பான மரையை வைத்து அழுத்தித் திருகினால் மரை போய்விடும், தலையே போன மாதிரி. முதல் சுற்று விரலால் இலேசாகப் போகவில்லை என்றால் அங்கேயே விட்டுவிட வேண்டும்.

எண்கள். அடியின் வேகத்தை அளக்கிற லாஞ்ச் மானிட்டரில் வெட்டுவதற்கு முன் என் தலையின் வேகம் மணிக்கு 92 மைல், பந்தின் வேகம் 128. ஸ்மாஷ் ஃபேக்டர், அதாவது பந்தின் வேகத்தைத் தலையின் வேகத்தால் வகுத்தது, 1.39. இப்போது தலை 91, பந்து 132. ஸ்மாஷ் 1.45. ஒரு மைல் வேகத்தைக் கொடுத்து நான்கு மைல் வாங்கியிருக்கிறேன். ஸ்லீவை 10.5-க்கே திருப்பி வைத்துவிட்டேன். பந்து இப்போதும் கொஞ்சம் வலப்பக்கம் சாய்கிறது, ஆனால் அது ஃபேட் என்கிற மெல்லிய வளைவு, ஃபேர்வேயில் (ஒட்ட வெட்டிய புல் பாதையில்) விழுகிற ஃபேட். சந்தோஷமாக வைத்துக்கொள்கிறேன்.

அடுத்து டைட்டானியம் 3-வுட் ஒன்றின் மேல் கண் இருக்கிறது, டிரைவரைவிடச் சின்னத் தலை உள்ள மட்டை அது. அதில் மட்டும் ஒரு தயக்கம். டிரைவரை டீயிலிருந்து, அதாவது பந்தை உயர்த்தி வைக்கிற சின்னக் குச்சியிலிருந்துதான் அடிக்கிறோம். 3-வுட்டைத் தரையிலிருந்து, சில சமயம் கல்லும் காய்ந்த புல்லும் இருக்கிற ஓரத்திலிருந்தும் அடிப்போம். டைட்டானியம் அடித்தட்டு கல்லில் உரசினால் காய்ந்த புல்லைப் பற்றவைக்கிற அளவு சூடான பொறி பறக்கும் என்று கலிஃபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் காட்டியிருக்கிறார்கள். வாங்கினாலும் கல்லுள்ள இடத்தில் பந்தைத் தள்ளிவைத்துத்தான் ஆடுவேன், ஒரு ஸ்ட்ரோக் போனால் போகட்டும்.

ஆனால் அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று பாக்கி. போன வாரத்திலிருந்து தலைக்குள் ‘டிக் டிக்’ என்று ஏதோ உருள்கிறது. முதலில் ஸ்லீவ் திருகு தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன், டார்க் ரெஞ்ச் உடனே கிளிக் அடித்தது, அங்கே பிரச்சினை இல்லை. ஷாஃப்டைக் கழற்றி தலையை மட்டும் காதோரம் ஆட்டினேன். உள்ளே காய்ந்த பசைத் துணுக்கு ஒன்று, அரிசி மணி அளவு இருக்கும். ஷாஃப்டை அசக்கிய அசக்கலில் கழன்றிருக்கலாம். எடைத் திருகைக் கழற்றி, அந்த ஓட்டை கீழே பார்க்கத் தலையைச் சாய்த்து, தட்டித் தட்டிப் பார்த்தேன். இரண்டு சாயங்காலம் போயிற்று, ஓட்டை வரைக்கும் வருகிறது, விளிம்பில் தட்டி உள்ளே ஓடிவிடுகிறது. காது குடையும் பஞ்சுக் குச்சியின் நுனியில் பசை தொட்டு விட்டும் பார்த்தேன், பஞ்சுதான் உள்ளே மாட்டிக்கொள்ளப் பார்த்தது. இனி ஹாட் மெல்ட் பசையை ஓட்டை வழியாக இரண்டு கிராம் மட்டும் விட்டு, தலையை அடித்தட்டு கீழே இருக்கும்படி வைத்து, துணுக்கை அதிலேயே ஒட்டவைத்துவிடலாம் என்று இருக்கிறேன். அந்த இரண்டு கிராமுக்கு ஈடாக டேப்பில் இரண்டு கிராம் உரித்துவிட வேண்டும். பசை முகப்புப் பக்கம் ஓடிவிட்டால் ‘டிங்’ போய்விடும், அதுதான் பயம். சனிக்கிழமை பசைத் துப்பாக்கி வருகிறது. அதுவரை இப்படியே அடிக்கிறேன், டிங், பின்னாலேயே ஒரு டிக்.