கொலாகிராஃப் பட்டறையில் கற்றவை: மையைப் பிடிக்கும் பரப்பும் விடும் பரப்பும்

கொலாகிராஃப் பட்டறையில் சேரப் பெயர் கொடுத்தவர்கள் முதலில் கேட்பது, "என்ன படம் வரைந்து எடுத்துக்கொண்டு போகட்டும்?" என்றுதான். படமே வேண்டாம் என்பேன். ஒரு பழைய உறையில் கிழிந்த லேஸ், நூல், கசக்கிய டிஷ்யூ தாள், உலர்ந்த இலை, உப்புத்தாள் துண்டு, வெள்ளித்தாள், மாஸ்கிங் டேப் என்று கைக்குக் கிடைத்ததைப் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். முடிவான ஓவியத்தோடு போகிறவர் பட்டறை முழுவதும் அந்த ஓவியத்தைக் காப்பாற்றப் பார்ப்பார். துண்டுகளோடு போகிறவருக்கு எந்தப் பொருள் மையை எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க நேரம் கிடைக்கும். இந்தக் கலையில் கற்க வேண்டிய முதல் விஷயம் அதுதான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கெட்டி அட்டையில் பொருட்களை ஒட்டியும், அட்டையையே கீறி உரித்தும் ஒரு பிளேட் செய்கிறோம். வார்னிஷ் பூசிக் காயவைத்து, மை தடவித் துடைத்து, ஈரத் தாளை மேலே வைத்து, உருளைகளுக்கு நடுவே அழுத்தும் பிரெஸ்ஸில் ஓட்டினால் அச்சு கிடைக்கிறது. எச்சிங் முறையில் வரும் செம்புத் தகடும் அமிலமும் இல்லாத அச்சோவியம். 1950களில் அமெரிக்காவின் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்துவந்த கிளென் ஆல்ப்ஸ் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அட்டையை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்க விரும்பினால், கியூபாவின் பெல்கிஸ் அயோன் (1967–1999) செய்த அச்சுகளைத் தேடிப் பாருங்கள். பல தாள்களை இணைத்த, ஆளுயரத்தையும் தாண்டும் படங்கள். பெரும்பாலும் கருப்பு, வெள்ளை, சாம்பல் மட்டும்தான். அந்த உருவங்களின் தோலில் எத்தனை விதமான சாம்பல் இருக்கிறது என்று கவனியுங்கள். பட்டறைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் அதில் செலவிட்டால் நல்ல தயாரிப்பு.

இனி அடிப்படை விதி. சொரசொரப்பான இடம் மையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அச்சில் கருமையாக விழும். வழவழப்பான இடம் துடைத்ததும் மையை விட்டுவிடும், வெளிறி விழும். கேட்கச் சுலபம். ஆனால் வரைந்து பழகிய கைக்கு இது தலைகீழ். பென்சிலில் அழுத்தினால் கருமை வரும், இங்கே பசையைத் தடித்துப் பூசி மெழுகினால் வெளிச்சம் வரும். இன்னொன்று, ஒட்டிய பொருள் மேடாக நிற்கும் இடத்தில் அதன் ஓரத்தை ஒட்டி மை தங்கிவிடும். அதனால் ஒரு சாதாரண டேப் துண்டுகூட அச்சில் நடுவே வெளிறி, சுற்றிலும் மெல்லிய கருங்கோட்டோடு வரும். அந்தக் கோடு வேண்டாமென்றால் ஓரத்தைப் பசையால் சரிவாக நிரப்ப வேண்டும். வேண்டுமென்றால், கோடு வரையாமலேயே கோடு கிடைத்துவிட்டது.

இதைப் புரிந்துகொள்ள நான் சொல்லும் ஒரே வழி, சோதனை பிளேட். உள்ளங்கை அளவு மவுண்ட் போர்டை (படங்களுக்குச் சட்டம் போடும்போது வைக்கும் கெட்டி அட்டை) எடுத்துக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளோ ஒரு முறையோ என்று செய்யுங்கள். பல பட்டறைகளில் இதுவே முதல் பயிற்சி. அப்படி இல்லையென்றால் கேட்டு வாங்கியாவது செய்யுங்கள். பின்னால் நீங்கள் செய்யும் எல்லா பிளேட்டுக்கும் இதுதான் அகராதி.

அந்தக் கட்டங்களில் இரண்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, உரித்த அட்டை. மவுண்ட் போர்டு பல தாள்களை ஒட்டிச் செய்தது. பேப்பர் கட்டரால் வடிவத்தின் ஓரத்தை மட்டும், அடிவரை போகாமல், மேல் அடுக்கு அறுபடும் அளவுக்குக் கீறுங்கள். கத்தி நுனியால் ஒரு மூலையைக் கிளப்பி, விரலால் பிடித்து மெதுவாக இழுத்தால் மேல்தாள் உரிந்து வரும். அடியில் பஞ்சு மாதிரி நார் தெரியும். அது மையை நன்றாக உறிஞ்சிக் கனத்த கருமை தரும். வார்னிஷ் பூசும்போது அந்த இடத்தில் ஒரு பூச்சு கூடுதலாகப் பூசினால் நார் அடங்கி, கருமை சாம்பலாக இறங்கும். இன்னொரு பூச்சு பூசினால் இன்னும் வெளிறும். ஆக, ஒரே உரித்த இடத்தில் தூரிகையை வைத்தே மூன்று நான்கு நிறத் தரங்களைக் கொண்டுவரலாம். எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த விஷயம் இது. வெளியிலிருந்து எதையும் ஒட்டாமல் அட்டையும் கத்தியும் வார்னிஷும் மட்டும் வைத்து ஒரு முழுப் படம் செய்துவிட முடியும்.

இரண்டாவது, கார்போரண்டம் தூள். சாணைக்கல்லும் உப்புத்தாளும் செய்யப் பயன்படும் அதே சிலிக்கன் கார்பைடுதான். வெள்ளைப் பசையைத் தூரிகையால் தீற்றி, ஈரமாக இருக்கும்போதே தூளைத் தூவி, காய்ந்ததும் பிளேட்டைச் சாய்த்துத் தட்டி ஒட்டாத தூளை உதிர்த்துவிட வேண்டும். பசையிலேயே தூளைக் குழைத்தும் தீற்றலாம், தூரிகை போன தடம் அப்படியே அச்சில் வரும். பட்டுத்துணி போன்ற அடர்கருப்பு இதில்தான் கிடைக்கும். எண் கூடக் கூடத் தூள் நைசாகும்: 80 கரடு, 220 நைஸ். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள். தூவும்போது முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூசு நுரையீரலுக்குப் போகக் கூடாது.

மற்ற பொருட்களுக்கு ஒரே எச்சரிக்கைதான்: உயரம். அட்டைக்கு மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் எல்லாம் அடங்க வேண்டும். அதற்கு மேல் போனால் தாள் கிழியும், இல்லையென்றால் மேட்டைச் சுற்றி அழுத்தம் படாமல் வெள்ளை வளையம் விழும். மணல், கம்பித் துணுக்கு, கூரான குச்சி எதுவும் வேண்டாம். பிரெஸ்ஸில் தாளுக்கும் உருளைக்கும் நடுவே விரிக்கும் ஃபெல்ட் கம்பளம் விலை உயர்ந்தது, ஒருவர் பிளேட்டால் அது கெட்டால் அறையில் இருக்கும் எல்லோருடைய அச்சும் கெடும். பிளேட்டின் நான்கு ஓரத்தையும் சரிவாகச் சீவிவிடுவதும் இதே காரணத்துக்குத்தான். எழுத்து வைக்கிறீர்கள் என்றால் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வையுங்கள்.

வார்னிஷ் கட்டத்தில் எல்லோருக்கும் அவசரம் வரும். அரக்கிலிருந்து செய்யும் ஷெல்லாக்கோ வேறு வார்னிஷோ, மெல்லிய பூச்சாக இரண்டு முறை, முன்புறம், பின்புறம், ஓரம் என்று ஓர் இடம் விடாமல் பூச வேண்டும். ஓர் இடம் விட்டால் அங்கே மையும் ஈரமும் ஊறி அட்டை உப்பும். ஒரேயடியாகத் தடித்துப் பூசினால் நீங்கள் செய்த நுணுக்கமெல்லாம் மூடிப்போகும். வெள்ளைப் பசையையே கடைசிப் பூச்சாக விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அழுத்தமும் ஈரமும் சேரும்போது அது இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். ஓர் இரவு காய்வது நல்லது. ஷெல்லாக் என்றால் ஸ்பிரிட் வாடை இருக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மை தடவும் முன்பே தாளை நனைத்துவிடுங்கள். 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரையுள்ள பருத்தித் தாள் இதற்குத் தோதானது. தண்ணீரில் ஊறவைத்து, எடுத்து, ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து ஒற்ற வேண்டும். சாய்த்துப் பார்த்தால் மேலே பளபளப்பு இருக்கக் கூடாது, கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், அதுதான் பதம். காய்ந்த தாள் பள்ளத்துக்குள் இறங்காது. சொட்டும் தாள் மையைத் தள்ளிவிடும்.

அப்புறம் மை. கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டியது இதற்குத்தான், குறிப்பாகத் துடைப்பதற்கு. அட்டைத் துண்டால் வழித்தும், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்தும் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் எச்சிங் மையை ஏற்ற வேண்டும். மை கெட்டியாக இருந்தால் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் கலந்து இளக்கலாம். பிறகு கஞ்சி ஏறிய, கண் கண்ணாக நெய்த டார்லட்டன் துணியைப் பந்தாகச் சுருட்டி, அடிப்பக்கம் மடிப்பில்லாமல் தட்டையாக வைத்துக்கொண்டு, கையின் கனத்தை ஏற்றாமல் வட்டமாகத் துடைக்க வேண்டும். அழுத்தித் துடைத்தால் துணி பள்ளத்துக்குள் புகுந்து மையை அள்ளிக்கொண்டு வந்துவிடும். கடைசியாகச் செய்தித்தாள் துண்டை பிளேட் மேல் விரித்து, உள்ளங்கையால் தட்டையாக வருடினால் மேட்டுப் பரப்பு தெளியும்.

எங்கே நிறுத்துவது? நான் கற்ற பட்டறையில் பக்கத்து மேஜையில் ஒருவர் விடாமல் துடைத்துக்கொண்டிருந்தார். பயிற்றுநர் வந்து நின்று, "போதும், கையை எடுங்க" என்றார்.

"இன்னும் மை இருக்கே, மேடம்?"

"இருக்கட்டும். எல்லாத்தையும் நீங்களே எடுத்துட்டா தாளுக்கு என்ன மிச்சம்?"

பிளேட்டைத் தூக்கி ஜன்னல் பக்கம் சாய்த்துக் காட்டினார். நேராகப் பார்த்தபோது ஒரே கருப்பாகத் தெரிந்த பிளேட்டில், சாய்ந்த வெளிச்சத்தில் மேடெல்லாம் பளிச்சென்றும் பள்ளமெல்லாம் மங்கியும் பிரிந்து தெரிந்தது. அந்தப் பிரிவு தெரிந்தால் நிறுத்தலாம். அதன்பிறகு, கூடுதல் வெளிச்சம் வேண்டிய இடங்களை மட்டும் காது குடையும் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுக்கலாம். ஒரே பிளேட்டை இரண்டு பேர் துடைத்தால் இரண்டு வேறு அச்சு வரும் என்பதை அன்று எல்லோரும் கண்ணால் பார்த்தோம். ஆகவே துடைப்பதை வெறும் சுத்தம் செய்யும் வேலையாக நினைக்காதீர்கள். வரைவதே அங்கேதான் நடக்கிறது. ஓட்டும் முன் ஓரங்களைத் துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள்.

பிரெஸ்ஸின் அழுத்தத்தைப் பயிற்றுநர் சரிசெய்து தருவார். செம்புத் தகட்டுக்கு வைக்கும் அழுத்தம் அட்டைக்கு அதிகம். சக்கரத்தைச் சுற்றும்போது நடுவில் நிறுத்தாமல் ஒரே சீராகச் சுற்றுங்கள், நின்ற இடத்தில் கோடு விழும். தாளை ஒரு மூலையிலிருந்து மெதுவாகத் தூக்குங்கள். நார் ஒட்டிக்கொண்டு வந்தால் இழுக்காமல் அடுத்த மூலையிலிருந்து வாருங்கள்.

முதல் அச்சை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். புது பிளேட் முதல் முறை மையைக் கொஞ்சம் குடிக்கும், இரண்டாவதோ மூன்றாவதோ அச்சில்தான் அதன் முழுக் குணமும் தெரியவரும். மறுபடி மை தடவாமலே இன்னொரு தாளை வைத்து ஓட்டினால் வெளிறிய கோஸ்ட் பிரிண்ட் கிடைக்கும், அதில் மை குறைந்து புடைப்பு நன்றாகத் தெரியும். மையே இல்லாமல் வெறும் புடைப்பாகவும் ஒன்று எடுத்துப் பாருங்கள். வண்ணத்துக்கு ஆசைப்படாதவர் இல்லை, ஆனால் முதல் பட்டறையில் கருப்போடு நிற்பது நல்லது என்பது என் கருத்து. நிறத் தரங்கள் வசப்பட்ட பிறகு, பள்ளத்தில் ஒரு வண்ணமும் துடைத்த மேட்டின்மேல் ரோலரால் இன்னொரு வண்ணமும் ஏற்றுவது பெரிய வேலை இல்லை.

ஒவ்வொரு அச்சின் பின்னாலும் பென்சிலில் குறிப்பு எழுதுங்கள்: எந்த மை, எவ்வளவு எண்ணெய், தாள் எவ்வளவு நேரம் ஊறியது, எங்கே கூடத் துடைத்தது. முன்பக்கம் படத்துக்குக் கீழே இடது ஓரத்தில் வரிசை எண், வலது ஓரத்தில் கையெழுத்து என்பது வழக்கம். 3/10 என்றால் பத்தில் மூன்றாவது அச்சு. அட்டை பிளேட் ஓட்ட ஓட்டத் தேயும், நுணுக்கம் மழுங்கும். அதனால் பெரிய எண்ணிக்கையை முன்கூட்டியே எழுதிவிடாதீர்கள்.

சுத்தம் செய்ய சமையல் எண்ணெயும் பழந்துணியும் போதும், பிளேட்டைத் தண்ணீரில் மட்டும் போட்டுவிடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிகளைக் குவித்து வைத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு, விரித்துக் காயவையுங்கள்.

பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு பிரெஸ்ஸுக்கு எத்தனை பேர்? பிளேட் செய்வதற்கும் அச்செடுப்பதற்கும் நடுவே காய்வதற்கு ஓர் இரவாவது இருக்கிறதா? ஒரே பிளேட்டில் எத்தனை அச்சு எடுக்க நேரம் கிடைக்கும்? ஒரே ஓர் அச்சோடு அனுப்பிவிடும் பட்டறையில் துடைக்கக் கற்க முடியாது.

முடிந்த பிறகு வீட்டில் பிரெஸ் இல்லையே என்று விட்டுவிட வேண்டியதில்லை. இன்னும் தட்டையாக ஒரு பிளேட் செய்து, பள்ளத்தை விட்டுவிட்டு மேட்டில் மட்டும் ரோலரால் மை ஏற்றி, மெல்லிய தாளை மேலே வைத்து மரக்கரண்டியின் முதுகால் தேய்த்து எடுக்கலாம். பள்ளத்தின் கருமை இதில் வராது. ஆனால் எந்தப் பொருள் என்ன தடம் தருகிறது என்ற சோதனையைத் தொடர இது போதும், அடுத்த முறை பிரெஸ் கிடைக்கும்போது கையில் ஒரு கட்டு பிளேட் தயாராக இருக்கும்.