கிளாப் அடிப்பவனின் நாட்குறிப்பு

29 ஜனவரி 2024, கானாடுகாத்தான்

உதவி இயக்குநர்களில் கடைசி ஆளாகச் சேர்ந்திருப்பதால் கிளாப் போர்டு என் கைக்கு வந்திருக்கிறது. ஹாலிவுட்டில் இது கேமரா உதவியாளரின் வேலை. தமிழ்ப் படங்களில் இயக்குநர் பிரிவின் இளையவர் செய்வதே வழக்கம். இந்த வழக்கத்தை நான் வரவேற்கிறேன். ஒவ்வொரு ஷாட்டிலும் எந்த லென்ஸ் போடுகிறார்கள் என்று கேட்டறிந்து, அதற்கேற்ற தூரத்தில் போய் நின்றாக வேண்டும் என்பதால், மானிட்டரைச் சுற்றி நிற்பவர்களுக்குக் கிடைக்காத பாடம் எனக்குக் கிடைக்கிறது. 50 எம்எம் லென்ஸ் என்றால் ஏறக்குறைய 5 அடி, 85 என்றால் எட்டரை அடி என்பது மூத்த உதவி இயக்குநர் சொல்லிக் கொடுத்த கணக்கு. குளோஸ்-அப்பில் நடிகரின் முகத்தருகே கட்டையை ஓங்கி அடிக்கக் கூடாது என்பதும், ஷாட்டின் முடிவில் அடிக்க நேர்ந்தால் போர்டைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும் என்பதும் இன்றைக்குள் பழகிவிட்டன.

31 ஜனவரி

வசனங்களை டப்பிங்குக்கு விடாமல் படப்பிடிப்பிலேயே லைவ் சவுண்டாகப் பதிவு செய்கிறோம். ஒலி தனிக் கருவியில் பதிவாவதால், கட்டைகள் இரண்டும் சேரும் ஃபிரேமையும் அந்தச் சத்தத்தையும் பொருத்தித்தான் எடிட்டிங்கில் படத்தையும் குரலையும் இணைப்பார்கள். படத்திலும் ஒலியிலும் ஒரே நேரக் குறியைப் பதிக்கும் டைம்கோடு வந்த பிறகும் கிளாப்பை யாரும் கைவிடவில்லை. கருவி தவறினால் அதுதான் துணை. செட்டிநாட்டு வீட்டின் ஆத்தங்குடிக் கல்லும் வழவழப்பான சுவரும் கண்ணுக்கு எவ்வளவு அழகோ, ஒலிப்பதிவாளருக்கு அவ்வளவு தலைவலி. எதிரொலியை அடக்க, ஃபிரேமில் தெரியாத இடமெல்லாம் ஜமக்காளம் விரித்தோம், ஜெனரேட்டர் வண்டியை அடுத்த தெருவுக்கு அனுப்பினோம், மின்விசிறிகளை நிறுத்தினோம். காட்சி முடிந்ததும் வெறும் அறையின் ஒலியை மட்டும் பதிவு செய்ய அரை நிமிடம் எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும். யூனிட்டில் அத்தனை பேருக்கும் அன்றைய நாளின் மிகக் கடினமான வேலை அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

2 பிப்ரவரி

இன்று முழுவதும் ஒரே சாப்பாட்டுக் காட்சி. அப்பாவும் மகளும் பேசிக்கொண்டே சாப்பிடுகிறார்கள். முதலில் இருவரும் தெரியும் மாஸ்டர் ஷாட், பிறகு தனித்தனியாகக் குளோஸ்-அப். ஒரு ஷாட்டில் இருப்பது அடுத்த ஷாட்டிலும் மாறாமல் இருக்க உதவும் கன்டினியூட்டி குறிப்பதும் என் பொறுப்பு. இலையில் எவ்வளவு சோறு மிச்சம், டம்ளரில் மோர் எந்த அளவு, சட்டைக் கையை எத்தனை மடிப்பு மடித்திருக்கிறார் என்பதையெல்லாம் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, இதற்குமேல் நோட்டு எதற்கு என்று கேட்டேன். மூத்தவர் சிரித்தார். “தம்பி, அப்பளம் உடைஞ்சிருக்கிறது போட்டோவுல தெரியும். எந்த வார்த்தையில உடைச்சார்னு தெரியுமா?” என்றார். அதன்பின் வசனத்தாளில் சொல்லுக்குச் சொல் கையின் இடத்தைப் பென்சிலால் குறித்தேன்: ‘வீட்டை’ என்னும்போது அப்பளம் உடைகிறது, ‘விக்கப் போறேன்’ என்று முடித்த பிறகே கை வாய்க்குப் போகிறது. மாஸ்டரில் அப்படி இருந்து, மூன்று மணி நேரம் கழித்து எடுக்கும் குளோஸ்-அப்பில் பேச்சின் நடுவே கவளம் வாய்க்குப் போனால், எடிட்டர் விரும்பிய இடத்தில் வெட்ட முடியாது. இதற்கிடையே முற்றத்தின் வெயில் தூணுக்குத் தூண் நகர்ந்துகொண்டே இருந்தது. ஒளிப்பதிவாளர் மேலே ஸ்கிம்மர் என்னும் மெல்லிய துணியைக் கட்டச் சொல்லி வெயிலை மட்டுப்படுத்தி, காலை வெளிச்சத்தை மாலை வரை விளக்குகளால் காப்பாற்றினார்.

5 பிப்ரவரி

மழை மேகம். மதியத்துக்குள் படப்பிடிப்பை நிறுத்திவிட்டோம். கேமராவின் மெமரி கார்டில் உள்ளவை இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் ஏறி, சரிபார்த்து முடியும் வரை அந்தக் கார்டை யாரும் அழிக்கக் கூடாது. அதற்குக் காவலாக உட்கார்ந்து, எடிட்டருக்காக ஷாட் விவரங்களை எழுதிய ரிப்போர்ட்டைப் படியெடுத்தேன்.

8 பிப்ரவரி

பேட்டா என்னும் தினப்படி பற்றிப் பேச்சு வந்தது. லைட்மேன்களுக்கும் மற்றத் தொழிலாளர்களுக்கும் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியின் சங்கங்கள் பேசி முடித்த கூலி, கால்ஷீட் என்னும் வேலை நேரக் கணக்கில் கிடைக்கிறது. கால்ஷீட் நீண்டால் அதற்கும் கணக்கு உண்டு. எங்களைப் போன்ற புதிய உதவி இயக்குநர்களுக்கோ, படத்துக்கு இவ்வளவு என்று பேசிய தொகை தவணை தவணையாக வரும் அல்லது வராது. என்னுடன் தங்கியிருப்பவருக்கு முந்தைய படத்தின் கடைசித் தவணை இன்னும் வரவில்லை. படம் வெளியாகி ஓடியும் முடிந்துவிட்டது. ‘கற்றுக்கொள்ளத்தானே வந்தாய்’ என்ற பதிலை அவர் பலமுறை கேட்டிருக்கிறார். கற்பதும் உழைப்பதும் ஒரே பன்னிரண்டு மணி நேரத்தில் நடக்கும்போது, ஒன்றைக் காட்டி இன்னொன்றின் கூலியை நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. இயக்குநர்கள் சங்கத்தில் உறுப்பினராவதற்கான விவரங்களைச் சென்னை திரும்பியதும் விசாரிக்கப் போகிறேன்.

9 பிப்ரவரி

முதல் ஷெட்யூல் முடிந்தது. ரிப்போர்ட்டை நாளை சென்னை சாலிகிராமத்தில் எடிட்டரின் உதவியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். சாப்பாட்டுக் காட்சியில் ஒரு ஷாட் பாக்கி இருக்கிறது; அதுவரை அப்பாவாக நடிப்பவர் தலைமுடியையும் மீசையையும் தொடக் கூடாது என்று அவருடைய மேனேஜரிடம் வாரம் ஒருமுறை நினைவூட்டும் வேலையும் எனக்கே வந்திருக்கிறது.