‘ஆமா’ போடுகிறவள்

தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் பெண்களிடம் நேர்காணல் எடுக்கப் போனபோது, எனக்கு ஆட்களைப் பேசவைக்கத் தெரியும் என்ற நினைப்பு பலமாகவே இருந்தது. 30 பேரிடம் பேசியாயிற்று. ஆளுக்கு முக்கால் மணி நேரம். ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு வரிவரியாக எழுதியும் முடித்தாயிற்று. இலையும் புகையிலைத் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கிக்கொள்கிற கடையில், சரியில்லை என்று பீடியைக் கழிக்கிறார்களா என்று கேட்டால், "அதெல்லாம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்." கொடுக்கிற இலை ஆயிரம் பீடிக்குக் காணுமா? "காணாட்டா வாங்கிக்கிடுவோம்." யார் காசில்? "நம்ம காசுலதான், பின்ன?" அவ்வளவுதான் பதில். கை மட்டும் ஒரு நொடி நிற்காது. மடியில் தட்டு, தட்டில் வெட்டிய இலை, ஒரு சிட்டிகை தூள், ஒரு உருட்டு, நூலைச் சுற்றி ஒரு இழுப்பு.

2025 வரை நடப்பில் இருந்த 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தில், இலையும் தூளும் கொடுப்பதிலும் சுற்றிய பீடியைக் கழிப்பதிலும் வருகிற தகராறுகளைத் தீர்ப்பதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. டெல்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருந்த சங்கதி, ஊருக்குள்ளேயே போய் உட்கார்ந்து நான் எடுத்த 30 பதிவுகளில் இல்லை.

எங்கள் குழுவில் வீதி நாடகம் போட்டுப் பழகிய ஒருவர் இருந்தார். "கேட்டது போதும், நடிக்கச் சொல்லிப் பார்ப்போம்" என்றார். எனக்கு இஷ்டமில்லை. ஆராய்ச்சி என்று பணம் வாங்கிவிட்டு விளையாட்டுக் காட்டுகிறோமே என்று பட்டது. அவர்தான் அகஸ்டோ போவால் கதையைச் சொன்னார். பிரேசில் நாட்டு நாடகக்காரர். 1970-களின் தொடக்கத்தில் பெரு நாட்டில் வேலை செய்தபோது, மேடையில் ஒரு பிரச்சினையை நடித்துக் காட்டிவிட்டுப் பாதியில் நிறுத்துவாராம். அடுத்து என்ன செய்யலாம் என்று பார்க்கிறவர்கள் சொல்லச் சொல்ல நடிகர்கள் அதை நடிப்பார்கள். ஒரு நாள், ஏமாற்றிய புருஷனிடம் 'தெளிவாகப் பேச வேண்டும்' என்றார் ஒரு அம்மா. நடிகை எப்படிப் பேசிக் காட்டியும் அவருக்குத் திருப்தியில்லை, இப்படியில்லை, இன்னும் தெளிவாக என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் போவால் அந்த அம்மாவையே மேடைக்குக் கூப்பிட்டார். அவர் ஏறினார், விளக்குமாற்றை எடுத்தார், புருஷன் வேஷம் போட்டவரைப் பின்னி எடுத்துவிட்டார். அதுதான் 'தெளிவாகப் பேசுவது'. பார்க்கிறவர்களே மேடையேறிக் கதையை மாற்றுகிற ஃபோரம் தியேட்டர் அங்கிருந்து வந்ததாகப் போவாலே எழுதியிருக்கிறார். என் 30 பதிவுகளில் எத்தனை விளக்குமாறுகள் வார்த்தையாகிக் கிடக்கின்றனவோ என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஒரு அக்கா வீட்டுப் பட்டாசலில், அதாவது கூடத்தில், பன்னிரண்டு பேர் கூடினோம். கதை ரொம்பச் சின்னது: சுற்றிய பீடியோடு ஒருத்தி கடைக்குப் போகிறாள். பீடியைப் பார்த்து வாங்குகிறவராக யார் நடிப்பது என்றதும், நேர்காணலில் என்னிடம் ஒற்றைச் சொல்லில் மட்டுமே பதில் சொன்ன அக்கா எழுந்தார். பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுமே ஆள் மாறிவிட்டார். எதிரே நிற்பவளின் முகத்தைப் பார்க்கவேயில்லை. இடது கையில் செல்போன் (சோப்பு டப்பாதான்), கண் அதில். வலது கை ஒரு பீடிக் கட்டை எடுத்தது, கட்டை விரல் பீடிகளின் தலைப்பில் ஒரு ஓட்டம் ஓடியது, நடுவில் ஒன்றை அமுக்கிப் பார்த்து நூலை அறுத்தது. "இலை முத்தல்." அந்தக் கட்டு ஓரமாகப் போனது. அடுத்தது. "தூள் காணாது." அதுவும் ஓரமாகப் போனது. அப்புறம், தலையை நிமிர்த்தாமலே, ஓரத்தில் கிடந்த கட்டுகளைக் காலால் மெதுவாக மேசைக்கு அடியில் தள்ளினார்.

பட்டாசலே சிரித்தது. எனக்கு மட்டும் புரியவில்லை. கழித்த பீடி திரும்பக் கைக்கு வராது, அதற்குக் கூலியும் கிடையாது, ஆனால் அது குப்பைக்கும் போகாது என்பதைப் பக்கத்திலிருந்த பெண் எனக்கு மெதுவாகச் சொன்னாள். 'கழிக்கிறார்களா' என்று 30 பேரிடம் கேட்டவளுக்கு, 'கழித்தது எங்கே போகிறது' என்று ஒருத்தியிடம்கூடக் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கால்தான் சொன்னது.

பிறகு கதையை மாற்றச் சொன்னோம். ஒருத்தி வந்து, "இலையும் நீங்க குடுத்ததுதான அண்ணாச்சி?" என்று கேட்டாள். கடைக்கார அக்கா கோபப்படவே இல்லை. அவளுடைய கணக்கு நோட்டை எடுத்து, இருக்கிற நோட்டுகளுக்கெல்லாம் அடியில் வைத்தார். சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. சத்தம் போட்டுத் திட்டினால்கூடப் பதில் பேசலாம், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்தில் கடைசி ஆளாக நிற்கவைத்தால் என்ன பேச முடியும்? இன்னொருத்தி நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தாள். நாலு நோட்டும் அடிக்குப் போயின. ஒரு பாட்டி மட்டும் வாயே திறக்காமல் வேறொரு வேலை செய்துகாட்டி ஜெயித்தார். அது என்னவென்று நான் அறிக்கையில் எழுதவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் எனக்கு நல்ல பெயர்தான். தேநீர் குடித்த பிறகு ஒரு சின்னப் பெண் என் துப்பட்டாவைக் கேட்டு வாங்கினாள். தோளில் போட்டாள், பேனாவை எடுத்தாள், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். "ம்... ம்... அப்புறம்? அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" எதிரே ஒருத்தி, "என் வீடு இடிஞ்சு போச்சு" என்றாள். "ம்... ம்... அப்புறம்?" "என் மாமியா செத்துப் போயிட்டா." "ம்... அதைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்றீங்களா?" சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. பாட்டிதான் தீர்ப்புச் சொன்னார்: "வில்லுப்பாட்டுல ஆமா போடுவாம்லா, அது மாதிரி."

அச்சு அசல் நான்தான். வில்லுப்பாட்டில் அண்ணாவி கதையைச் சொல்லச் சொல்லப் பக்கத்திலிருப்பவர் 'ஆமா' போடுவார். கதை ஓட அது வேண்டும். ஆனால் அவர் நடுவில் எழுந்து 'அது எப்படி அண்ணாவி?' என்று மடக்கமாட்டார். நடுநிலை என்று வகுப்பில் கற்றுக்கொடுத்த அந்தத் தலையாட்டல், அவர்கள் கண்ணுக்கு எதுவும் உறைக்காத மண்டையாகத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் ஒற்றைச் சொல் பதில்கள். என் ஆராய்ச்சிமுறையைப் பற்றி யாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாக விமர்சனம் சொன்னதில்லை.

அலுவலகத்தில் கேட்ட கேள்வி வேறு. இதெல்லாம் தரவா, மிகைப்படுத்தி நடித்திருப்பார்களே என்றார்கள். மிகைதான், மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு பேரும் ஒரே இடத்தில் சிரித்து ஒரே இடத்தில் அடங்கினார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் ஒரே கடையில் பீடி போடுகிறவர்களும் இல்லை. எனக்கு அந்தச் சிரிப்பும் அமைதியும்தான் தரவு. அதை எழுத்தில் கொண்டுவருவதுதான் பாடு. கட்டை விரலின் ஓட்டத்துக்கு என்ன குறியீடு போடுவது? நாலு பக்கம் எழுதி நாலு வரியாகக் குறைத்தேன்.

தப்பு நடந்தது அதற்குப் பிறகு. பட்டாசலில் பார்த்தது எனக்குப் போதவில்லை. ஊர் பார்க்கட்டும் என்று அம்மன் கோயில் முன்னால் ஒரு சாயங்காலம் போடவைத்தேன். அவர்கள் சரி என்றார்கள், நான்தான் கேட்டேன். ட்வைட் கான்கர்குட் என்ற அமெரிக்க ஆய்வாளர், பிறர் வாழ்க்கையை நடித்துக் காட்டுவதில் இருக்கிற நாலு சறுக்கல்களைப் பற்றி 1985-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒன்று, பார்த்தாயா எப்படி இருக்கிறது என்று காட்சிக்கு வைக்கிற ஆசை. அந்தக் கட்டுரையை நான் படித்திருந்தேன், குறிப்புகூட எடுத்திருந்தேன்.

கூட்டத்தில் கடைக்காரருக்கு வேண்டியவர்களும் இருந்தார்கள். ஒப்புதல் படிவத்தில் 'பெயர் மாற்றப்படும்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தோம். ஊரே முகத்தைப் பார்த்தபிறகு பெயரை மாற்றி என்ன ஆகப்போகிறது? அடுத்த இரண்டு வாரம், கடைக்காரராக நடித்த அக்காவுக்குக் கிழிசல் இலையாகவே வந்ததாம். அதனால்தான் இது என்று நிரூபிக்க முடியாது, நோட்டை அடியில் வைப்பதை நிரூபிக்க முடியாத மாதிரியே. அவர் என்னிடம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரியும்.

இப்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்கிறோம். வெளியே காட்டுவதா வேண்டாமா என்ற பேச்சை அவர்களாக எடுத்தால் ஒழிய நான் எடுப்பதில்லை.

விஷயம் தெரிந்த அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து கிழிந்த இலையில் தேறுகிறதை வெட்டிக்கொண்டிருந்தார். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா" என்றேன். கத்தரி நிற்கவில்லை.

"சொன்னா நீ என்ன பிள்ள செய்வ? ம்... அப்புறம்னு கேப்ப."