இ.சி.ஜி. நார்மல், வீட்டுக்குப் போங்க

பீரோவின் மேல்தட்டில் தடியாக ஒரு ஃபைல் கிடக்கிறது. இ.சி.ஜி. தாள்கள், எக்கோ, ஹோல்ட்டர், ட்ரோபோனின் என்று இதயத்துக்கு எடுத்த டெஸ்ட் எல்லாம் அதில் இருக்கின்றன. எல்லாத் தாளிலும் நார்மல். அந்த நார்மல்களுக்குக் கட்டிய பணத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அதைவிட எரிச்சல், அத்தனை பேரில் ஒருத்தர்கூட "இதயம் நல்லாயிருக்கு, அடுத்து மனநல ஓ.பி.க்குப் போங்க" என்று ஒரு வரி எழுதித் தரவில்லை என்பதில்தான். "ஒண்ணுமில்ல" என்று சொல்லியே அனுப்பினார்கள்.

தினமும் தக்கலையில் பஸ் ஏறி நாகர்கோவிலில் வேலைக்குப் போகிறவள் நான். ஒருநாள் காலையில், பஸ் நெரிசலில் நிற்கும்போது நெஞ்சு தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. மூச்சு ஏறவில்லை, விரல் நுனியெல்லாம் மரத்தது, உள்ளங்கை வியர்த்தது, சுற்றி இருந்தவர்கள் எங்கோ தூரத்தில் நிற்பதாகப் பட்டது. செத்துவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வழியிலேயே இறங்கி ஆட்டோ பிடித்தேன். அது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வரும் கடும் பயத் தாக்குதல் என்று ரொம்பப் பிறகுதான் தெரிந்தது. அது பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தானாக இறங்கிவிடுமாம். ஆக, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து வயர் மாட்டும்போது நாடி கொஞ்சம் வேகம் என்பதைத் தவிர அங்கே காட்ட எதுவும் இருக்காது. "கேஸா இருக்கும்" என்று ஒரு ஊசி, ஒரு பட்டை மாத்திரை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நெஞ்சுவலி வந்தால் இதயத்தைப் பார்த்தே ஆகவேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் உட்கார்ந்து "பேனிக்தான்" என்று முடிவு கட்டாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்ப்பதும் நல்லது. தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு வரும். என் சண்டை இதயம் சரி என்று தெரிந்த பிறகு நடந்ததோடுதான்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் நெஞ்சுவலிக்கான வழி எல்லோருக்கும் தெரியும். பக்கத்து ஆஸ்பத்திரி, பிறகு நாகர்கோவில், மனசு ஆறாவிட்டால் திருவனந்தபுரம். மூன்றையும் பார்த்தேன். திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டிரெட்மில்லில் ஏற்றினார்கள். ஓட ஓட நெஞ்சு அடித்தது, மூச்சு வாங்கியது, வியர்த்தது. ஓடினால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். எனக்கோ பஸ்ஸில் வந்தது அப்படியே திரும்பி வந்துவிட்டது. "நிறுத்துங்க" என்று கத்திக் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். பாதியில் நின்றதால் ரிப்போர்ட்டில் முடிவு சொல்ல இயலாது என்று எழுதிவிட்டார்கள். அதற்காக அடுத்த டெஸ்ட், அதற்கொரு பில். ஒரு மனுஷி டிரெட்மில்லில் நின்று "சாகப்போகிறேன்" என்று அலறினாளே, ஏன் என்று அங்கே ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இன்னோரிடத்தில் ட்யூட்டி டாக்டர், இளம் பையன், ஃபைலைப் புரட்டிக்கொண்டே "ஹஸ்பெண்ட் எங்க?" என்றார். மஸ்கட் என்றேன். "அப்ப இதெல்லாம் வரும்" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற அண்ணனுக்கு முகம் செத்துப்போனது. அந்தச் சிரிப்புக்குத் தனியாக ஒரு பில் போடாததுதான் மிச்சம்.

வீட்டிலும் வைத்தியம் நடந்தது. மாமிக்கு இது கேஸ்தான் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. "மக்களே, சோறு ஒழுங்கா திங்காம கேஸ் நெஞ்சுக்கு ஏறுகு" என்று பூண்டைப் பாலில் போட்டுக் கொதிக்க வைத்துத் தந்தார், அப்புறம் யாரோ ஒரு பாட்டியை அழைத்துவந்து கொதி (சாப்பாட்டில் பட்ட கண்ணேறு) ஓத வைத்தார். சித்தி ஜெபத்துக்குக் கூட்டிப் போனார். அவர்கள் யாரையும் நான் குறை சொல்லமாட்டேன், அவர்களாவது பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆனால் அதற்குள் என் நடமாட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் பஸ் நின்றது. பிறகு கோயிலில் வாசல் பக்கத்துக் கடைசி வரிசை. பிறகு அண்ணன் காரில் போனால்கூட மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறக்கூடாது, கீழே நெரிசலிலேயே போகவேண்டும் என்று அடம். மேலே போனால் கிட்டத்தட்ட இரண்டரை கிலோமீட்டர் நடுவில் இறங்க வழியில்லை, இதுதான் என் கணக்கு. வேலையில் சம்பளமில்லாத லீவு ஏறிக்கொண்டே போனது.

திருப்பம் ஒரு ஃபோனில் வந்தது. ராத்திரி தூக்கத்திலேயே அட்டாக் வந்து எழுந்து உட்கார்ந்தேன் (தூக்கத்திலும் வரும், அது தெரியாமல் மாரடைப்பே என்று பயப்படுகிறவர்கள் ஏராளம்). 14416 என்று எங்கோ பார்த்த நினைவு. டெலி மானஸ், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண். இருபத்திநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். எதிர்முனையில் இருந்த பெண் நோயின் பெயர் எதையும் சொல்லவில்லை. இதய டெஸ்ட் எடுத்தாயிற்றா, எப்படி வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். எதைத் தவிர்க்கிறேன் என்று அதுவரை யாருமே கேட்டதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டரை அரசு ஆஸ்பத்திரியில் பார்க்கலாம், செலவில்லை என்றார்.

மறுநாளே கிளம்பினோம். போனால், டாக்டர் அன்றைக்கு வேறொரு தாலுகா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றார்கள். இந்தத் திட்டத்து டாக்டர்கள் ஒரே இடத்தில் உட்காருவதில்லை, தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குக் குறிப்பிட்ட கிழமைகளில் போய் வருவார்கள். நல்ல ஏற்பாடுதான். அந்தக் கிழமைகளை வாசலில் ஒரு பலகையில் எழுதி வைத்தால் இன்னும் நல்ல ஏற்பாடாக இருக்கும். "இப்ப போனா பிடிச்சிரலாம்" என்று காவலாளி சொன்னதை நம்பி அங்கே ஓடினோம். ஓ.பி. முடிந்து அறையைப் பூட்டிவிட்டார்கள். பஸ்ஸைப் பார்த்தாலே நடுங்குகிறவளுக்கு அந்த ஒருநாள் அலைச்சல் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன் ஃபோன் செய்து கிழமையைக் கேளுங்கள். ஓ.பி. மதியத்தோடு முடியும், காலையிலேயே வரிசையில் நில்லுங்கள்.

அடுத்த முறை போனபோது சீட்டுக் கவுண்டரில் இருந்தவர் கணினியிலிருந்து தலை நிமிராமல், வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, "மனநலமா? யாருக்கு?" என்றார். எனக்குப் பின்னால் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நின்றிருந்தார். காது சூடாகிவிட்டது. அண்ணன் "அது வந்து..." என்று இழுத்தான். நான் முந்திக்கொண்டு, "எனக்குத்தான். வயசு முப்பத்தஞ்சு. பேரை எழுதுங்க" என்று அதே சத்தத்தில் சொன்னேன். அவர் இப்போது நிமிர்ந்து பார்த்தார். நம் நோய் விவரம் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை என்று பிறகு படித்தேன். அப்போதே தெரிந்திருந்தால் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்திருப்பேன்.

டாக்டர் ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பேசவிட்டார். ஒன்றிரண்டு அட்டாக் யாருக்கும் வந்து போகலாம், அதை நோய் என்று சொல்வதில்லை. காரணமில்லாமல் திரும்பத் திரும்ப வந்து, அடுத்தது எப்போதோ என்ற பயமோ, அதற்காக நடமாட்டத்தைச் சுருக்கிக்கொள்வதோ ஒரு மாதமோ அதற்கு மேலோ நீடித்தால் அது பேனிக் டிசார்டர். "கள்ளன் வராமலே நாய் குரைக்குது. நாய் பொய் சொல்லல, அதுக்கு அப்படித்தான் தோணுது" என்றார். வலி நிஜம் என்று ஒரு டாக்டர் வாயிலிருந்து கேட்டதும் அங்கேயே அழுதுவிட்டேன்.

பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் எஸ்சிட்டாலோப்ராம் 5 மில்லிகிராமில் தொடங்கி, பிறகு 10. கூடவே சில வாரங்களுக்கு மட்டும், சீக்கிரம் அமைதிப்படுத்தும் குளோனாசெபாம் 0.25. என் அளவை யாரும் நகல் எடுக்கவேண்டாம். தெரிந்துகொள்ளவேண்டியது வேறு. எஸ்சிட்டாலோப்ராம் உடனே வேலை செய்யாது, பலன் தெரிய சில வாரம் பிடிக்கும். அதற்கு முன்னால், தொடக்க நாட்களில் குமட்டும், தூக்கம் கெடும், படபடப்பே கொஞ்சம் கூடும். நிறையப் பேர் இங்கேதான் "மாத்திரை ஒத்துக்கல" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினேன்.

குளோனாசெபாம் கதை தனி. சீட்டு இருந்தும் ஒரு மெடிக்கலில் என்னை ஏற இறங்கப் பார்த்து "இது ஸ்டாக் இல்ல" என்றார்கள். அதே தெருவில் இன்னொரு கடையில், எங்கள் தூரத்து உறவுக்காரர் இதே வகையைச் சேர்ந்த அல்பிரசோலம் பட்டையை மேசையில் காட்டிச் சீட்டே இல்லாமல் வாங்கிப் போகிறார், வருஷக்கணக்காக. அந்த வகை மாத்திரைகள் அரை மணி, ஒரு மணி நேரத்தில் ஆளை அமைதியாக்கிவிடும், ஆபத்தும் அதில்தான். நாள்பட்டால் உடம்பு அதற்கு அடிமையாகும், திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் தூக்கமின்மையும் வலிப்பும்கூட வரலாம். ஏற்கெனவே நீண்டநாள் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் தாங்களாக நிறுத்தாமல், டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும்.

சைக்காலஜிஸ்டிடம் போனதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சி.பி.டி. என்கிற முறை, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை. பயத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், விரல் மரப்பதும் தலை கிறங்குவதும் அதனால்தான் என்று முதலில் விளக்கினார். அண்ணன் எங்கோ பார்த்துவிட்டு என் பையில் எப்போதும் ஒரு காகிதப் பை வைத்திருந்தான், அதற்குள் மூச்சு விடுவதற்காம். அதை எடுத்துப் போடச் சொன்னார். உண்மையிலேயே இதயமோ ஆஸ்துமாவோ காரணமாக இருந்தால் அது ஆபத்து. பிறகு வீட்டுப் பாடம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரா வழியாக மூச்சு விடு. சுழல்நாற்காலியில் சுற்று. நின்ற இடத்திலேயே ஓடு. பயப்படுகிற அத்தனை உணர்வையும் நாமே வரவழைத்து, ஒன்றும் செய்யாமல், அது தானாக அடங்கும்வரை நிற்பது. திருவனந்தபுரத்து டிரெட்மில் எனக்குச் செய்ததும் அதுதான், அங்கே கூட நிற்க ஆள் இல்லை. மாமி வாசலில் நின்று "இவளுக்கு என்ன பிடிச்சிருக்கு" என்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் நாற்காலியைத் தள்ளிச் சுற்றிவிட்டதும் அவர்தான்.

பஸ்ஸையும் இப்படித்தான் படிப்படியாகப் பிடித்தேன். தக்கலையில் ஏறி வில்லுக்குறியில் இறங்குவது, பிறகு சுங்கான்கடை, பிறகு பார்வதிபுரம், கடைசியில் நாகர்கோவில் வடசேரி. விதி ஒன்று உண்டு, உச்சத்தில் இருக்கும்போது இறங்கக்கூடாது. இறங்கினால் "இறங்கியதால்தான் பிழைத்தேன்" என்று மனசு எழுதி வைத்துக்கொள்ளும். தண்ணீர் பாட்டிலையும் 'அவசர' மாத்திரையையும் கையிலெடுக்காமல் போகப் பழகுவதும் சிகிச்சையில் சேர்த்தி. மேம்பாலத்துக்கு அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனான். பம்மத்தில் ஏறும்போதே கை நனைந்துவிட்டது. "ஏட்டி, திருப்பட்டா?" என்றான். பாலத்தில் எங்கே திருப்புவான்? குழித்துறையில் இறங்கியதும் "இன்னொரு தடவை" என்றேன். அவன் பெட்ரோல் விலை பேச ஆரம்பித்துவிட்டான்.

இப்போதும் எப்போதாவது வரும். வந்தால் வரட்டும் என்று நிற்கிறேன், சீக்கிரம் போய்விடுகிறது. காப்பியைக் குறைத்திருக்கிறேன். நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் மாத்திரையை ஆறு மாதமோ ஒரு வருஷமோ தொடரவேண்டும், அப்புறம் படிப்படியாகக் குறைப்பார்கள்.

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவர் "இதை எல்லாம் ஃபாரத்தில் காட்டாதீங்க" என்று அன்பாக அறிவுரை சொன்னார். கேட்காதீர்கள், மறைத்தது தெரிந்தால் பிறகு வேறு நோய்க்கான கிளெய்மும் சிக்கும். உடல் நோய்க்கு எப்படியோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று 2017 சட்டத்தின் 21-ஆம் பிரிவே சொல்கிறது. வழக்கமான பாலிசிகளில் ஓ.பி. செலவு கிடைக்காது, அது வேறு விஷயம்.

அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்குகிறவர்களுக்கு: தீர்ந்த அன்றைக்குப் போகாதீர்கள். ஒரு வாரம் கையிருப்பு இருக்கும்போதே போங்கள், ஓணமோ கிறிஸ்துமஸோ பக்கத்தில் வந்தால் இன்னும் முன்னதாக. எஸ்சிட்டாலோப்ராம் இடையில் சில நாள் விட்டுப்போனாலே தலைசுற்றலும் எரிச்சலும் வரும், அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று பயப்படுவோம். டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழமைகளை நர்ஸிடம் கேட்டு நோட்டு அட்டையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நான் கேட்டபோது முதலில் "டாக்டர் கிட்ட கேளுங்க" என்றார்கள், டாக்டர் "நர்ஸ் கிட்ட கேளுங்க" என்றார். மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்த அக்காதான் கடைசியில் எழுதித் தந்தார்.