சொந்த ஸ்கீயோடு ஆல்ப்ஸுக்குப் பறக்கிறீர்களா? முதலில் கணக்கைப் போடுங்கள்

ஜெனீவாவுக்கு 35 யூரோவில் டிக்கெட் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால், அந்த டிக்கெட்டில் ஸ்கீயும் (பனிச்சறுக்குப் பலகையும்) ஏறுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஏறாது. மலிவு விமானங்களில் பனிச்சறுக்குச் சாமானுக்குத் தனிக் கட்டணம், அதுவும் ஒரு வழிக்கு. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு முறை கட்டும்போதுதான் டிக்கெட்டை விட ஸ்கீயின் பயணச் செலவு அதிகம் என்பது தெரியும்.

ரையன்ஏரில் ஒரு ஸ்கீ செட்டுக்குப் பல ஆண்டுகளாக இருந்த விலை, ஆன்லைனில் முன்கூட்டியே சேர்த்தால் ஒரு வழிக்கு 45 யூரோ, விமான நிலையத்தில் கட்டினால் 50. எடை வரம்பு 20 கிலோ. ஈஸிஜெட்டில் ஸ்கீயும் ஸ்னோபோர்டும் ‘சிறிய விளையாட்டுச் சாமான்’ வகையில் வருகின்றன. அங்கும் வரம்பு 20 கிலோதான். சைக்கிள் போன்ற பெரிய சாமானுக்குத்தான் 32. பிரிட்டிஷ் ஏர்வேஸ் வேறு வழியில் போகிறது. செக்-இன் பை சேர்ந்த டிக்கெட் வாங்கினால் அந்த 23 கிலோ பையாகவே ஸ்கீப் பையைக் கொடுத்துவிடலாம், நீளம் 190 சென்டிமீட்டருக்குள் இருந்தால் போதும். ஆனால் அதே நிறுவனத்தின் மலிவான ‘பேசிக்’ டிக்கெட்டில் கைப்பை மட்டும்தான், ஸ்கீக்கு இடமில்லை. ‘சுவிஸ்’ (SWISS) விமான நிறுவனம் நெடுங்காலமாகவே முதல் ஸ்கீ செட்டை, வழக்கமான பைக்கு மேலதிகமாக, இலவசமாக ஏற்றி வந்திருக்கிறது. அந்தச் சலுகையும் ‘லைட்’ டிக்கெட்டுக்குக் கிடையாது. இந்த விதிகள் சீசனுக்குச் சீசன் மாறக்கூடியவை. பணம் கட்டும் அன்று நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விலை ஒப்பிடும் தளங்களை இந்த விஷயத்தில் நம்ப வேண்டாம்.

ஆக, ஒரே வழித்தடத்தில் 35 யூரோ டிக்கெட்டும் 95 யூரோ டிக்கெட்டும் எதிரெதிரே நிற்கும்போது, எது மலிவு என்று விலையை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு வழிக்கும் ஸ்கீ, துணிப்பை, தேவைப்பட்டால் பெரிய கேபின் பை, எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பல நேரம் ‘விலை அதிகமான’ டிக்கெட்தான் ஜெயிக்கும்.

ஒரு செட் என்றால் என்ன என்பதில்தான் சண்டை வருகிறது. ஒரு ஜோடி ஸ்கீ, ஒரு ஜோடி கம்பு, சில நிறுவனங்களில் பூட்ஸும் சேர்த்து. பையில் மீதி இருக்கும் இடத்தில் ஜாக்கெட், சால்வை, சாக்லெட் என்று திணிப்பதைச் சிலர் கண்டுகொள்வதில்லை. சிலர் பையைத் திறக்கச் சொல்வார்கள். இரண்டு பேருடைய ஸ்கீயை ஒரே பெரிய பையில் போட்டு ஒரு கட்டணத்தில் முடித்துவிடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். எடைக் கணக்கில் அது சரியாகவே வரும்: பெரியவர்களின் ஸ்கீ பிண்டிங்கோடு (பூட்ஸை ஸ்கீயில் மாட்டும் பூட்டு) ஜோடிக்கு ஆறு கிலோ சுமார், இரண்டு ஜோடி 12, கம்புகள் 1, சக்கரம் வைத்த இரட்டைப் பை 4. மொத்தம் 17 கிலோ. ஆனால் விதியில் ‘ஒரு ஜோடி’ என்று எழுதியிருந்தால் கவுண்டரில் இருப்பவர் இரண்டாவது கட்டணம் கேட்கலாம், வாதாடிப் பயனில்லை. ‘ஒரு பை’ என்று எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை. அந்த ஒரு சொல்லைத் தேடிப் படியுங்கள். எப்படியானாலும் ஒரு பை 32 கிலோவைத் தாண்டக்கூடாது. அது பை தூக்கும் தொழிலாளர்களின் முதுகைக் காக்க வைத்த வரம்பு, பணம் கொடுத்தாலும் ஏற்றமாட்டார்கள்.

அமெரிக்க விமானங்களில் இந்த இடம் கொஞ்சம் தாராளம். டெல்டா, யுனைடெட் போன்றவை ஒரு ஸ்கீப் பையையும் ஒரு பூட்ஸ் பையையும் சேர்த்து ஒரே பையாக எண்ணுகின்றன, மொத்த எடை 50 பவுண்டுக்குள் (சுமார் 23 கிலோ) இருந்தால். பூட்ஸ் பையை மட்டும் தனியாகக் கொண்டுபோனால் இந்தச் சலுகை இல்லை, அது சாதாரணப் பைதான்.

இரண்டு விமானம் மாறிப் போகிறவர்கள் கவனிக்க: ஒரே டிக்கெட்டாக வாங்கினால் பொதுவாக ஒரு நிறுவனத்தின் பை விதி முழுப் பயணத்துக்கும் பொருந்தும். தனித்தனியாக வாங்கினால் ஒவ்வொரு நிறுவனமும் தன் கட்டணத்தைத் தனியாக வசூலிக்கும். நடுவில் பையை எடுத்து மறுபடி செக்-இன் செய்யும் வேலையும் உங்களுடையதே.

டூர் நிறுவனங்களின் பேக்கேஜில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே ஸ்கீக் கட்டணத்தைப் பெரும்பாலும் போக வர இரண்டுக்கும் சேர்த்துச் சொல்வார்கள். விமான நிறுவனத்தின் ஒரு வழிக் கட்டணத்தோடு அதை அப்படியே ஒப்பிட்டு ‘ஐயோ, இரண்டு மடங்கா’ என்று மிரள வேண்டாம். டூர் நிறுவனம் வாடகைக்கு எடுக்கும் சார்ட்டர் விமானத்தின் வயிற்றில் எத்தனை ஸ்கீப் பை போகும் என்பதற்கு அளவுண்டு, எனவே பேக்கேஜ் பதிவு செய்யும்போதே ஸ்கீயையும் சேர்த்துவிடுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் இடம் இல்லை என்று சொல்லிவிடலாம். நிலையத்திலிருந்து மலைக்குப் போகும் அவர்களுடைய பஸ்ஸில் ஸ்கீக்கு வழக்கமாகத் தனிக்காசு இல்லை. நீங்களே டாக்சியோ ஷேர் வேனோ பிடிப்பதாக இருந்தால், எத்தனை ஸ்கீப் பை என்று முன்பே சொல்லுங்கள். மேலே பெட்டி இல்லாத வண்டி வந்து நின்றால் கஷ்டம்.

பூட்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் ஒழுகுவதும் இங்கேதான், வாரமே கெட்டுப்போவதும் இங்கேதான். வாடகை ஸ்கீ ஓரளவு எல்லோருக்கும் ஒத்துவரும். கடையில் கால் வடிவத்துக்கேற்பச் சூடாக்கி அச்செடுத்த உங்கள் பூட்ஸுக்கு மாற்று கிடையாது. அதனால் பூட்ஸைக் கையோடு கேபினுக்குள் கொண்டுபோவது நல்லது; பாதுகாப்புச் சோதனையில் பொதுவாகத் தடை இல்லை. கம்புகளுக்குத்தான் தடை, அவை கீழே போக வேண்டும். சிக்கல் அளவில் இருக்கிறது. பெரியவர்களின் பூட்ஸ் ஒவ்வொன்றும் சுமார் 12 சென்டிமீட்டர் அகலம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 23, 24 ஆகிவிடும். ஈஸிஜெட்டின் இலவசக் கேபின் பை 45×36×20. அந்த 20-ல்தான் மாட்டிக்கொள்ளும், எப்படித் திருப்பிப் போட்டாலும். பெரிய கேபின் பைக்கு, அதாவது 56×45×25-க்குப் பணம் கட்டினால் இடம் சரியாக இருக்கும், உள்ளே சாக்ஸும் கையுறையும் கூடத் திணித்துக்கொள்ளலாம். பூட்ஸைப் போட்டுக்கொண்டே விமானம் ஏறுகிறவர்களும் உண்டு. சட்டத்தில் இடமிருக்கிறது, கேட் வரை நடந்து பார்த்தால் மறுமுறை செய்யமாட்டார்கள்.

இப்போது வாடகையோடு ஒப்பிடுவோம். ஆல்ப்ஸில் ஆறு நாளுக்கு நடுத்தரத் தரமுள்ள ஸ்கீ மட்டும் எடுத்தால், ஆன்லைனில் முன்பதிவு செய்தால், 100 முதல் 150 யூரோ வரை கணக்கு வைத்துக்கொள்ளலாம். பெரிய ரிசார்ட்களில் கூடும். கடைக்கு நேரே போய் எடுத்தாலோ, டூர் நிறுவனத்தின் பிரதிநிதி பஸ்ஸில் நீட்டும் படிவத்தில் எழுதிக் கொடுத்தாலோ விலை பெரும்பாலும் ஏறிவிடும். மலிவு விமானத்தில் ஸ்கீயைக் கொண்டுபோய் வர 90 யூரோ. அதோடு ஊரில் எட்ஜ் (ஸ்கீயின் இரும்பு விளிம்பு) தீட்டி மெழுகு போடும் செலவு இருக்கிறது. ஆக ஒரு வாரப் பயணத்துக்குச் சொந்த ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு போவதில் மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. என் தீர்ப்பு: பூட்ஸும் ஹெல்மெட்டும் சொந்தம், ஸ்கீ வாடகை. இரண்டு வாரம் தங்குகிறவர்களுக்கும், ஸ்கீயை இலவசமாக ஏற்றும் டிக்கெட் கிடைத்தவர்களுக்கும் கணக்கு தலைகீழ். பிள்ளைகளுக்கு யோசிக்கவே வேண்டாம், வாடகைதான். வருடத்துக்கு ஒரு சைஸ் வளர்கிறார்கள். சுவிஸில் பள்ளிக்கூட ஸ்கீ முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பும் நம்மவர்களுக்கு இது நன்றாகவே தெரியும், அவர்கள் சீசன் முழுவதற்கும் வாடகைக்கு எடுத்துவிடுகிறார்கள்.

கொண்டுபோவது என்று முடிவானால், இரண்டு ஸ்கீயையும் அடிப்பக்கம் ஒட்டும்படி சேர்த்து, முன்னும் பின்னும் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். நடுவே ஆடினால் எட்ஜ் ஒன்றையொன்று உரசிப் பள்ளம் விழும். முனைகளையும் பிண்டிங்கையும் தெர்மல் துணியால் சுற்றுங்கள், அடி படுவது அங்கேதான். பனிச்சரிவில் சிக்கினால் காற்று நிரம்பி விரியும் ஏர்பேக் முதுகுப்பை வைத்திருப்பவர்கள் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஆளுக்கு ஒன்றுதான், தானாக விரியாதபடி கட்டியிருக்க வேண்டும். சூடாக்கும் கையுறையின் உதிரி லித்தியம் பேட்டரி கேபினில் மட்டும். எளிதில் தீப்பற்றும், மெழுகு நீக்கும் திரவம் கேபின் பை, செக்-இன் பை இரண்டிலும் கூடாது.

நிலையத்தில் கவுண்டரில் சீட்டு ஒட்டியதும் வேலை முடிந்துவிடாது. ஸ்கீப் பையைத் தூக்கிக்கொண்டு பெரிய சாமானுக்கான ஓவர்சைஸ் பெல்ட்டுக்குப் போக வேண்டும், சனிக்கிழமையில் அங்கேயும் வரிசை. தானியங்கி பை இயந்திரங்கள் பல ஸ்கீயை ஏற்காது. பல மலிவு நிறுவனங்களின் பை கவுண்டர் புறப்பாட்டுக்கு வெகு முன்பே மூடிவிடும் என்பதால் இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். திரும்பும் நாளில் எடை கூடியிருக்கும். ஈரத் துணி, ஈரப் பை, உருகாத பனி எல்லாம் சேர்ந்து போகும்போது 19 கிலோவாக இருந்த பை 20-ஐத் தாண்டும், கிலோவுக்கு 10 யூரோவுக்கு மேல் தண்டம் விழலாம். முந்தின இரவே ஸ்கீயைத் துடைத்து, பையைத் திறந்து காயவிடுங்கள். துரு பிடிப்பதும் தவிரும்.

பை வரவில்லை, அல்லது உடைந்து வந்தது என்றால் சுங்கத்தைத் தாண்டி வெளியே போகாமல் அங்கேயே கவுண்டரில் முறையீட்டு அறிக்கை எழுதி வாங்குங்கள். மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்குப் பை கையில் கிடைத்த 7 நாளுக்குள், தாமதத்துக்கு 21 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் போக வேண்டும். இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறக்குறைய 1,800 யூரோ. ஸ்கீ வராத நாட்களுக்கு வாடகைக்கு எடுத்தால் அந்த ரசீதையும் பத்திரமாக வைத்து அதே புகாரோடு இணையுங்கள்.