கரும்புக்காட்டுக்குள் ஒரு ஜீப்

அக்டோபர் 6, 2024, ஞாயிறு – திருப்பூர்

தீபாவளிக்கு இன்னும் 25 நாள். யூனிட்டில் வேலை நெருக்கடி, இந்த மாதம் முழுக்க ராத்திரிகளும் ஞாயிறுகளும்தான் எனக்கு. லீவில் மச்சான் குடும்பத்தோடு வருகிறார். அதற்குள் அசல் உத்தர் மேசை, அதாவது மாடல் டேங்குகளை நகர்த்தி நாங்கள் விளையாடுகிற சண்டை மேசை, தயாராக வேண்டும்.

1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை, பஞ்சாபில் கேம்கரண் பக்கம் நடந்த டேங்க் சண்டை அது. வந்தவை பாகிஸ்தானின் பேட்டன் டேங்குகள். நம்மிடம் இருந்தவை செஞ்சூரியன், ஷெர்மன், ஏஎம்எக்ஸ்-13. வாய்க்காலை உடைத்து வயலில் தண்ணீர் விட்டுவிட்டு, வெட்டாமல் நின்ற கரும்புக்குள் லாட வடிவில் காத்திருந்தார்கள். பேட்டன்கள் அந்த லாடத்துக்குள் வந்து சேற்றில் சிக்கின. இந்தியக் கணக்கில் பாகிஸ்தான் இழந்தது 97 டேங்க்.

என் மேசைக்கு மூன்று செஞ்சூரியன், இரண்டு ஷெர்மன், ஆறு பேட்டன், ஒரு ஜீப். எல்லாமே 1/72, நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. பேட்டன்கள் போன வருஷமே ஒட்டி வைத்தவை. இன்று செஞ்சூரியனை ஆரம்பித்தேன். பாகங்களைச் சட்டத்தோடு பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவைத்து, பிறகுதான் கட்டரை எடுத்தேன். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு போகாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது.

பக்கத்துக்கு ஆறு சக்கரம், ஒவ்வொன்றின் விளிம்பிலும் அச்சுக்கோடு. முதல் டேங்குக்கு எல்லாவற்றையும் எமரி போட்டேன். பக்கவாட்டுத் தகடை ஒட்டியதும் சக்கரத்தின் மேல்பாதி மறைந்துவிட்டது. மற்ற இரண்டுக்கும் கீழ்ப்பாதி மட்டும் போதும். அலமாரியில் வைத்துப் பார்க்கிற மாடல் என்றால் இப்படிச் செய்ய மாட்டேன். இது கையில் எடுத்து நகர்த்துகிற டேங்க். சக்கரத்தில் மிச்சமாகிற நேரத்தை, குழலும், சக்கரத்தைச் சுற்றி ஓடுகிற கண்ணியும் கழலாமல் ஒட்டுவதில் போடுவதுதான் சரி.

அக்டோபர் 11, வெள்ளி – கோவை

ஆயுத பூஜைக்குக் கணபதியில் மச்சான் பட்டறை. மூன்று லேத்துக்கும் சந்தனம் குங்குமம், வாசலில் வாழைக்கன்று. ஜீப்புக்குக் குழல் வேண்டும் என்று பையில் படத்தோடு போயிருந்தேன். "ஏனுங் மாப்ள, இன்னைக்கு மிஷின் ஓட்டக் கூடாதுங்க. ராத்திரி இங்கயே தங்கிருங்க, காலைல மொத ஜாப்பே உங்குளுதுதான்" என்றார். பித்தளை ராடை மட்டும் மைக்ரோமீட்டர் பக்கத்தில் பூஜைத் தட்டில் வைத்தோம்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. சொன்னபடி முதல் ஜாப் எனதுதான்.

அசல் உத்தரில் அப்துல் ஹமீது சண்டை போட்ட ஜீப்பின் மேல் இருந்தது 106 மி.மீ. ரீகாயில்லெஸ், அதாவது பின்னுதைப்பு இல்லாத பீரங்கி. நீளம் 3.4 மீட்டர். ஜீப்பும் கிட்டத்தட்ட அதே நீளம்தான். ஒரு ஜீப்பின் முதுகில் இன்னொரு ஜீப் நீளத்துக்குக் குழல்! 1/72-ல் 47 மி.மீ. கிட்டில் வந்த பிளாஸ்டிக் குழல் வளைந்திருந்தது, வாயில் துளையும் இல்லை.

இரண்டு மில்லி கனத்தில் 47 மில்லி நீளம் கடைந்தால் டூல் பட்டதுமே ராடு வளைந்து ஓடிவிடும். மச்சான் 3 மில்லி ராடை, லேத்தில் அதைப் பிடித்துச் சுற்றுகிற சக்கிலிருந்து 10 மில்லிதான் வெளியே விட்டார். முதலில் வாயில் 1.4 மில்லி டிரில், நாலு மில்லி ஆழம். அப்புறம் அந்தப் பத்து மில்லியையும் ஒரே வெட்டில் முழு ஆழத்துக்கு முடித்தார். சக்கைத் தளர்த்தி அடுத்த பத்தை வெளியே இழுத்து, மறுபடி ஒரே வெட்டு. டூல் எப்போதும் சக்குக்குப் பக்கத்திலேயே வேலை செய்வதால் ராடு அசையவில்லை. "ரெண்டாந்தரம் தொட்டா போச்சுங்க. ஒரே கட்ல முடிச்சுரோணும்." பின்பக்க அறைக்குக் கடைசி எட்டு மில்லியைத் தடிமனாகவே விட்டுவிட்டார். பித்தளைச் சுருள் தலைமுடி போலச் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. பம்ப் ஷாஃப்ட் கடைகிற மனிதர், நாற்பது நிமிஷம் இந்தத் துண்டுக்காகக் குனிந்து நின்றார்.

அக்டோபர் 16, புதன்

மழை. பிரைமர், அதாவது அடிப்பூச்சு ஸ்ப்ரே இன்று வேண்டாம். ஈரக்காற்றில் அடித்தால் பரப்பு சொரசொரப்பாகிவிடும்.

அக்டோபர் 20, ஞாயிறு

நேற்று வெயில் வந்தது, பிரைமர் அடித்துவிட்டேன். இன்று முழுக்கக் கலர்.

பதினாறு வருஷமாக டையிங் லேப்பில் ஷேடு மேட்ச் பண்ணுகிறேன். ஆலிவ் ஆர்டர் வந்தால் லேப்பே கொஞ்சம் அமைதியாகிவிடும். மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் சேர்ந்து வருகிற கலர் அது. சிவப்பு ஒரு துளி கூடினால் பிரௌன் பக்கம் ஓடும், குறைந்தால் பச்சையாகிவிடும். பகல் வெளிச்சம் மாதிரியான டி65 விளக்கில் பாஸ் ஆன துணி, கடை டியூப் மாதிரியான டிஎல்84-க்கு மாற்றியதும் வேறு துணி மாதிரி நிற்கும். ஆகவே டேங்குக்கு எந்தப் பச்சை என்று யோசிப்பதற்கு முன்னால், எந்த வெளிச்சத்தில் பார்க்கப் போகிறோம் என்று முடிவு பண்ணியாக வேண்டும். எங்களுக்கு அது ஹாலில் இருக்கிற எல்இடி டியூப், மூன்றடி தூரம்.

ஐந்து வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூனில் ஐந்து கலவை அடித்துக் காயவைத்தேன். பாட்டிலில் இருக்கிற ஆலிவை அப்படியே அடித்தால் இந்த அளவில் கறுப்பாகத் தெரியும். சின்னப் பொருளுக்குக் கலரைக் கொஞ்சம் இளக்கத்தான் வேண்டும். வெள்ளை சேர்த்த ஸ்பூன்கள் சாம்பல் பூத்துக் குளிர்ந்து போயின. மணல் மஞ்சள் சேர்த்தவை உயிரோடு இருந்தன. பத்துத் துளிக்கு மூன்று துளி மணல் மஞ்சள், நாலாம் நம்பர் ஸ்பூன். ராத்திரி எட்டு மணிக்கு டியூப் வெளிச்சத்தில் பாப்பாவிடம் காட்டினேன், அவளும் அதையேதான் எடுத்தாள்.

பேட்டனுக்கும் பச்சைதான். கலரால் இரண்டு படையையும் பிரிக்கலாமா என்று யோசித்துப் பார்த்து விட்டுவிட்டேன். உருவமே பிரித்துக் காட்டும். பேட்டனின் டரட், அதாவது குழலோடு திரும்புகிற மேல்பகுதி, ஆமை ஓடு மாதிரி உருண்டை. செஞ்சூரியனின் டரட்டைச் சுற்றிப் பெட்டி பெட்டியாகச் சாமான் தகரங்கள். அகலத்திலும் பேட்டன் 51 மி.மீ., செஞ்சூரியன் 47. பக்கத்தில் வைத்தால் அந்த நாலு மில்லி நன்றாகத் தெரிகிறது.

அக்டோபர் 23, புதன்

வார்னிஷ் அடித்த ஷெர்மன் மேல் பஞ்சு. பக்கத்து வீதி நிட்டிங் மிஷின்கள் தீபாவளிக்காக ராத்திரியும் ஓடுகின்றன, காற்றில் இழை மிதக்கிறது. ஈரத்தில் கை வைக்காமல் காயவிட்டேன். 2000 நம்பர் எமரியைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, அந்த இடத்தை மட்டும் திரும்ப அடித்தேன். இனிமேல் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் வார்னிஷ். அடித்ததும் மேலே குண்டாவைக் கவிழ்த்துவிட வேண்டும்.

அக்டோபர் 27, ஞாயிறு – ஈரோடு

அம்மிச்சி ஊர். காலிங்கராயன் வாய்க்கால் ஓரம் ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் கரும்பு. மண்ணுக்காகத்தான் வந்தேன். எங்கள் வீட்டுப் பக்கச் செம்மண்ணைத் தூவினால் பஞ்சாப் ஆகாது. அங்கே ஆற்று வண்டல். வாய்க்கால் கரையில் எடுத்த வண்டலைக் காயவைத்து, பனியன் துணியில் சலித்தேன். மாவு மாதிரி இறங்கியது. "மண்ண எதுக்கு கண்ணு சலிக்கறே?" என்றார் அம்மிச்சி. டேங்குக்குப் பூச என்றதும் ஒரு சின்னச் சொப்புச் சட்டி கொண்டுவந்து கொடுத்தார், கொண்டு போக.

கரும்பு நிஜத்தில் மூன்று மீட்டர் என்றால் மேசையில் நாலு சென்டிமீட்டர். கத்தாழை நார்க் கயிற்றைப் பிரித்து வீட்டிலேயே சாயம் போட்டிருந்தேன். ரியாக்டிவ் சாயம், உப்பு, சோடா, 60 டிகிரி. பருத்தி மாதிரி பளிச்சென்று ஏறாமல் மங்கிய பச்சையாக வந்தது. அந்த மங்கல்தான் எனக்கு வேண்டியது. அம்மிச்சி வீட்டுத் திண்ணையில் இருந்து நிஜக் கரும்பைப் பார்த்துக்கொண்டே நாரைப் பிடி பிடியாகக் கட்டி, நுனியை விரலால் வளைத்துவிட்டேன். சோகை ஒரு பக்கம் சாய்ந்து தொங்கும். நட்டுக்குத்தலாக நின்றால் அது சோளம்.

அக்டோபர் 29, செவ்வாய்

போனஸ் கொடுத்தாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமில்லை. நிட்டிங் மிஷின்கள் நின்றதும் இந்த ஊரின் சத்தமே வேறு. கடைசி வார்னிஷை அடித்தேன், ஒரு இழைகூட இல்லை.

பேட்டன்களின் கண்ணியில் வண்டலும் பெவிகாலும் குழைத்துப் பூசினேன். காய்ந்ததும் அது புழுதி மாதிரிதான் தெரிந்தது. தண்ணீர் விட்ட வயலில் சிக்கியவை அவை. பளபளப்பு வார்னிஷைக் கண்ணிக்குள்ளும் சக்கர இடுக்கிலும் மட்டும் விட்டேன். உடனே ஈரமாகிவிட்டது.

நவம்பர் 3, ஞாயிறு

ஆறுக்கு நாலு அடி மேசை. காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடிந்தது. மச்சான் பேட்டன், நான் லாடம், பாப்பா நடுவர்.

எங்கள் விதி எளிது. கரும்புக்குள் இருக்கிற என் வண்டிகள் மேசையில் இருக்காது. இடத்தை ஒரு தாளில் குறித்துப் பாப்பாவிடம் கொடுத்துவிடுவேன். சும்மா நிற்கும்வரை அவை தெரியாது. நகர்ந்தால் கரும்பு ஆடும், அவள் "ஆடுதுங் மாமா" என்று அந்தப் புதரைக் காட்ட வேண்டும். மச்சானின் டேங்க் கரும்புக்குள் போனாலும் அதே கதை. ஜீப்புக்கு இன்னொரு விதி. ரீகாயில்லெஸ் சுட்டதும் பின்னால் வாய்வு பீறிட்டுப் புழுதி எழும்பி இடம் தெரிந்துவிடும். சுட்டால் உடனே இடம் மாற வேண்டும்.

நம் ராணுவத்தின் 4-வது கிரனேடியர்ஸ் படையைச் சேர்ந்த அப்துல் ஹமீது அப்படித்தான் சண்டை போட்டார். செப்டம்பர் 10 அன்று ஜீப்பிலேயே உயிர் விட்டார். பரம்வீர் சக்கரம் அவருக்குக் கிடைத்தது மறைவுக்குப் பின். ஒரு தகடு காப்பு இல்லாத வண்டி. மேசையில் இன்று அதை டேங்குகளுக்கு நடுவில் வைத்தபோது, பேட்டனின் சக்கரக் கவசத்துக்கு மேலே ஜீப்பில் இருக்கிற உருவத்தின் தலை மட்டும்தான் தெரிந்தது. படத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இந்த உயர வித்தியாசம் இன்றுதான் உறைத்தது. பாப்பா கொஞ்ச நேரம் கன்னத்தை மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் ஜீப் இரண்டு பேட்டனை அடித்தது. மூன்றாவதற்கு இடம் மாறுவதற்குள் மச்சான் பகடையில் ஆறு போட்டுவிட்டார். நாலு பேட்டன் சேற்றில், இரண்டு திரும்பிப் போயின. நான் இழந்தது ஜீப்பும் ஒரு ஷெர்மனும்.

எடுத்து வைக்கும்போது குழல் கழன்று கையோடு வந்துவிட்டது. பசை மட்டும் பித்தளையைப் பிடித்து நிற்காது, உள்ளே ஒரு ஊசி கொடுக்க வேண்டும். மச்சான் குழலைத் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அர மில்லி டிரில் இருக்குதுங்க. பட்டறை தொறந்ததும் போட்டுத் தந்தறனுங்க மாப்ள."