கொடுங்கையூர்ப் பட்டறையும் கச்சா எண்ணெய் விலையும்

கொடுங்கையூரில் என் சித்தப்பா நடத்தும் பிளாஸ்டிக் அரவைப் பட்டறைக்குச் சென்ற வாரம் போயிருந்தேன். காயலான் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் தண்ணீர் பாட்டில்களை அரைத்துத் தொட்டியில் கொட்டினால், பாட்டிலின் பெட் (PET) பிளாஸ்டிக் துகள்கள் அடியில் தங்கிவிடும், மூடிகளின் துகள்கள் மேலே மிதக்கும். அவற்றை வழித்தெடுப்பதிலேயே பாதிப் பகல் போய்விடுகிறது. பசுமைத் தொழில்முனைவோர் என்று அவரை யாரும் அழைத்ததில்லை, அழைத்தால் சிரிப்பார்.

இத்தகைய தொழில்கள் சில நாடுகளில் வேரூன்றுவதற்கு அந்நாட்டு மக்களின் சுற்றுச்சூழல் அக்கறையே காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் அரை நம்பிக்கைதான். ஜெர்மனியில் 2003இல் நடைமுறைக்கு வந்த முன்பணத் திட்டத்தின்படி, ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கு இப்போது 25 சென்ட் கூடுதலாக வாங்குகிறார்கள். காலி பாட்டிலைக் கடையில் கொடுத்தால் அது திரும்பக் கிடைக்கும் என்பதால், மறுசுழற்சி செய்பவருக்குச் சரக்கு குப்பையில் புரளாமல் சுத்தமாக வந்து சேர்கிறது. அதே நாட்டில் 2000ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம், சூரிய மின்சாரத்துக்கு 20 ஆண்டுகள் மாறாத விலையை உறுதியளித்தது. கூரையில் தகடு பதிக்க விரும்பிய விவசாயிக்கு வங்கி துணிந்து கடன் கொடுத்தது, அந்த 20 ஆண்டுகளை நம்பித்தான். கென்யாவிலோ 2007இல் வந்த எம்-பெசா கைப்பேசிப் பணப் பரிமாற்றம், சூரிய விளக்கை அன்றாடம் சில்லறைத் தொகை கட்டி வாங்கும் வழியைத் திறந்துவிட்டது.

நம்மிடம் சட்டங்களுக்குக் குறைவில்லை. 2019 ஜனவரி 1 அன்று தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபோது, துணிப்பை தைப்பதற்காக வியாசர்பாடியில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா கடன் வாங்கித் தையல் இயந்திரம் போட்டார். சில மாதங்களில் கறிக்கடைகளில் பழைய பைகள் மறுபடி தலைகாட்டவே, இப்போது அந்த இயந்திரத்தில் ஜாக்கெட் தைக்கிறார். தடையைவிட, தடை நீடிக்குமா என்ற சந்தேகமே அவரை அதிகம் பாதித்தது.

சித்தப்பாவின் பாடு வேறு. சிறு தொழிலுக்குரிய பாக்கியை அதிகபட்சம் 45 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அவரிடம் துகள் வாங்கும் நிறுவனமோ நான்கு மாதம் இழுத்தடித்தது. புகார் கொடுக்கச் சொன்னேன். “கொடுத்தா அடுத்த லோடுல ஈரம் இருக்குன்னு திருப்பி அனுப்பிடுவான்” என்றார். கச்சா எண்ணெய் விலை சரிந்தால், அதிலிருந்து செய்யப்படும் புதிய பிளாஸ்டிக் மலிந்து, அவருடைய துகளைக் கேட்பார் இருக்கமாட்டார்கள். அதனால்தான் காலையில் மோட்டாரைப் போடுவதற்கு முன்பே கைப்பேசியில் பீப்பாய் விலையைப் பார்த்துவிடுகிறார்.